குடியேறி வந்தவர் தென்னாப்பிரிக்க நாடாளுமன்றத்துக்குப் போகலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்து, டர்பன், ஜோஹன்னஸ்பர்க், பிரிட்டோரியா பக்கம் வேரூன்றிவிட்ட தமிழர்களை மனத்தில் வைத்து எழுதியது இது. பொது வாழ்க்கையில் இறங்க நினைப்பவர்களும், தங்களில் ஒருவரை இறக்கிவிட நினைக்கும் சங்கங்களும் கேட்கும் கேள்விகளே கீழே உள்ளவை.

வெளிநாட்டில் பிறந்தவர் எம்.பி. ஆகலாமா?

தாராளமாக ஆகலாம். 1996 அரசியலமைப்பின் 47ஆம் பிரிவு, வாக்களிக்கத் தகுதியுள்ள குடிமக்கள் எல்லாரும் நாடாளுமன்றத்தின் கீழவையான தேசியப் பேரவைக்கு உறுப்பினராகத் தகுதியுள்ளவர்கள் என்கிறது. எங்கே பிறந்தார், குடியுரிமை வாங்கி எத்தனை வருஷம் ஆயிற்று என்று அது கேட்பதில்லை. 3ஆம் பிரிவு எல்லாக் குடிமக்களையும் சம உரிமையுள்ளவர்களாக வைக்கிறது. குடியரசுத் தலைவரைப் பேரவை தன் உறுப்பினர்களிலிருந்தே தேர்ந்தெடுக்கிறது. அந்தப் பதவிக்கும் 'இங்கேயே பிறந்திருக்க வேண்டும்' என்ற நிபந்தனை கிடையாது. ஆகவே சட்டத்தின் கதவு முழுவதும் திறந்தே இருக்கிறது. ஆட்கள் தடுக்கி விழுவது இரண்டு இடங்களில்தான்: காகிதங்களில், கட்சிப் பட்டியலில்.

எங்கள் முன்னோர் 1860இல் ட்ரூரோ கப்பலில் வந்தவர்கள். நாங்களும் 'குடியேறியவர்' கணக்கில் வருவோமா?

வரமாட்டீர்கள். நீங்கள் பிறப்பால் குடிமக்கள். ஆனால் இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு பழைய காயம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் போகக் கூடாது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த அந்தக் கப்பல் டர்பனில் ஆட்களை இறக்கியது. 1896இல் நேட்டால் சட்டம் இந்தியர்களை வாக்காளர் பட்டியலுக்கு வெளியே தள்ளியது. மூன்று தலைமுறை இங்கே பிறந்த பிறகும், இந்தியர்கள் இந்த நாட்டின் நிரந்தர மக்கள் என்று அரசு ஒப்புக்கொண்டது 1961இல்தான். 1984இல் வந்த மூன்று சபை நாடாளுமன்றத்தில் இந்தியர்களுக்கென்று 45 பேர் கொண்ட தனிச் சபை ஒன்றை வைத்தார்கள். வாக்காளராகப் பதிந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான் வாக்குச் சாவடிக்குப் போனார். மற்றவர்கள் போகாமல் இருந்தது சோம்பலால் அல்ல. ஆப்பிரிக்கப் பெரும்பான்மைக்கு இடமில்லாத சபை வேண்டாம் என்ற முடிவால். எல்லாரோடும் சமமாக வாக்களித்தது 1994 ஏப்ரலில். இன்று புதிதாக வந்து குடியுரிமை வாங்கியவருக்கும் அதே உரிமை கிடைப்பது இந்த நீண்ட போராட்டத்தின் பலன்.

பி.ஆர். (நிரந்தர வதிவிட உரிமை) இருந்தால் போதாதா?

போதாது. 1994 தேர்தலில் நிரந்தர வதிவிடம் உள்ளவர்களும் வாக்களித்தார்கள். இப்போது நகராட்சித் தேர்தலில்கூட அவர்களுக்கு வாக்கில்லை, போட்டியிடவும் முடியாது. பி.ஆர். காலத்தைக் கட்சி வேலையும் வட்டார வேலையும் கற்கும் காலமாக வைத்துக்கொள்ளுங்கள். உறுப்பினராகச் சேர முடியுமா என்பதை அந்தந்தக் கட்சியின் விதிகள் சொல்லும்.

குடியுரிமைக்கு என்னென்ன வேண்டும்? எங்கே சிக்கல் வரும்?

1995ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவுதான் அடிப்படை. பி.ஆர். இருக்க வேண்டும், தொடர்ந்து இங்கே வசித்திருக்க வேண்டும், நன்னடத்தை வேண்டும், ஆட்சிமொழிகளில் ஒன்றில் பேசத் தெரிய வேண்டும், குடிமகனின் உரிமைகளும் கடமைகளும் தெரிந்திருக்க வேண்டும். வசிப்புக் காலம் சட்டத்தில் 5 ஆண்டு. ஆனால் சட்டத்தின் கீழ் வந்த விதிமுறைகள் 10 ஆண்டு என்று எழுதி, ஓர் ஆண்டில் 90 நாளுக்கு மேல் வெளிநாட்டில் இருக்கக் கூடாது என்றும் சேர்த்தன. இந்த முரணைக் கவனிக்காமல் 5 ஆண்டுக் கணக்கில் விண்ணப்பித்துத் திருப்பி அனுப்பப்படுவது உண்டு. எந்தக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதை விண்ணப்பிக்கும் சமயத்தில் உள்துறையான ஹோம் அஃபேர்ஸிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஒரே வருஷத்தில் நாலு மாதம் ஊரில் தங்கியிருந்தால், அந்த வருஷமே கணக்கைக் கெடுத்துவிடும். பழைய பாஸ்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். முத்திரைத் தேதிகளை வரிசையாக ஒரு தாளில் எழுதி, ஆண்டுவாரியாக நாட்களைக் கூட்டி வையுங்கள்.

இந்தியக் குடியுரிமை என்ன ஆகும்?

இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. 1955ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி, நீங்களே விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றால் அந்தக் கணமே இந்தியக் குடியுரிமை முடிந்துபோகும். இன்னொரு பக்கம், சொந்த நாடு இரட்டைக் குடியுரிமை தராவிட்டால் அதைத் துறந்ததற்குச் சான்று கொடு என்கிறது தென்னாப்பிரிக்கச் சட்டம். இங்கேதான் வரிசை முக்கியம். இங்குள்ள விண்ணப்பம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதற்கு எழுத்து கையில் இல்லாமல் முன்கூட்டியே இந்தியக் குடியுரிமையைத் துறக்காதீர்கள். நடுவில் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் நிற்க நேரும். குடியுரிமைச் சான்றிதழ் வந்ததும் இந்தியத் தூதரகத்தில் பாஸ்போர்ட்டை ஒப்படைத்து, ஒப்படைப்புச் சான்றிதழ் வாங்குங்கள். ஓ.சி.ஐ. (வெளிநாட்டு இந்தியர்) அட்டைக்கும் அதுதான் முதல் காகிதம். ஓ.சி.ஐ. என்பது குடியுரிமை ஆகாது: இந்தியாவில் வாக்கில்லை, விவசாய நிலம் வாங்கவும் முடியாது.

இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு அந்நாட்டுச் சட்டத்தில் இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் வழி இருக்கிறது. தென்னாப்பிரிக்க அரசியலமைப்பு இரட்டைக் குடியுரிமை உள்ளவர் எம்.பி. ஆவதைத் தடுப்பதில்லை. ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம்: தென்னாப்பிரிக்கக் குடிமகன் இந்நாட்டுக்குள் வரும்போதும் வெளியேறும்போதும் தென்னாப்பிரிக்கப் பாஸ்போர்ட்டைத்தான் காட்ட வேண்டும். மற்றதைக் காட்டுவது குற்றம். வேட்பாளராகப் போகிறவரின் கோப்பில் இப்படி ஒரு வரி இருக்கவே கூடாது.

ஐடி எண் மாறும் என்கிறார்களே?

மாறும். ரொம்பப் பேர் கவனிக்காத இடம் இது. தென்னாப்பிரிக்க ஐடி எண்ணில் 13 இலக்கங்கள். முதல் ஆறும் பிறந்த தேதி. பதினொன்றாவது இலக்கம் குடிமகனுக்கு 0, நிரந்தர வதிவிடக்காரருக்கு 1. குடியுரிமை கிடைத்ததும் அந்த 1 மறைந்து 0 வரும். கடைசி இலக்கம் முன்னால் உள்ளவற்றிலிருந்து கணக்கிட்டு வரும் சரிபார்ப்பு எண். அதனால் மற்றவை அப்படியே இருக்கும்போது கடைசி இலக்கம் ஒன்று கூடும். 9 ஆக இருந்தால் 0 ஆகும். பழைய அட்டையையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்த இரண்டு இலக்கங்கள்தான் வேறு.

விளைவு பெரிது. வங்கி, வரித் துறை, வீட்டுப் பத்திரம், மருத்துவக் காப்பீடு எல்லாம் பழைய எண்ணில் கிடக்கும். வேட்புமனு ஒப்புதல் படிவத்தில் பழக்கதோஷத்தில் பழைய எண்ணை எழுதினால், அது வாக்காளர் பட்டியலோடு பொருந்தாது. புதிய அட்டை கைக்கு வந்த வாரமே தேர்தல் ஆணையத்தில் வாக்காளராகப் பதிவு செய்யுங்கள். தேர்தல் தேதி அரசிதழில் வெளியானதும் அந்தத் தேர்தலுக்கான பட்டியல் மூடப்படும். பிறகு எந்தக் கெஞ்சலும் பலிக்காது.

யார் யாருக்குத் தகுதி இல்லை?

கடன் தீர்க்காத திவாலானவர். மனநிலை சரியில்லை என்று நீதிமன்றம் அறிவித்தவர். அபராதம் கட்டித் தப்பும் வாய்ப்பில்லாமல் 12 மாதத்துக்கு மேல் சிறைத் தண்டனை பெற்றவர். கடைசித் தடை, தண்டனை முடிந்து 5 ஆண்டு வரை நீடிக்கும். 2024இல் முன்னாள் குடியரசுத் தலைவர் ஜேக்கப் ஸூமாவின் பெயர் ஆட்சேபத்துக்கு உள்ளானது இதனால்தான். நீதிமன்ற அவமதிப்புக்காக 2021இல் அவருக்கு 15 மாதம் விதிக்கப்பட்டிருந்தது. தேர்தலுக்கு ஒன்பது நாள் முன்னர், மே 20 அன்று, அவர் தகுதியற்றவர் என்று அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்த்தது. வேட்பாளர் பட்டியல் பொதுப் பார்வைக்கு வைக்கப்படும்போது யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம் என்பதையும் இதிலிருந்து தெரிந்துகொள்ளுங்கள். குடியுரிமைக் காகிதத்தில் ஓட்டை இருந்தால் அதைத் தேடிப் பிடிக்கப் போட்டியாளருக்கு அதுதான் நேரம்.

அரசுப் பள்ளியிலோ அரசு மருத்துவமனையிலோ வேலை பார்க்கிறேன். நிற்கலாமா?

வேட்பாளராக நிற்கலாம். அரசிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு எம்.பி.யாக உட்காரத்தான் முடியாது. பதவி ஏற்குமுன் வேலையிலிருந்து விலகியாக வேண்டும். நகராட்சி கவுன்சிலருக்கும் இதே கதைதான்: ஒன்றை விட்டால்தான் மற்றது.

எனக்குத் தொகுதி எது? எத்தனை வாக்கு வேண்டும்?

ஊரில் உள்ளதுபோல் இங்கே தொகுதி கிடையாது. முதல் முறை கேட்பவர்களுக்கு இது நம்பச் சிரமமாக இருக்கும். பேரவையில் 400 இடம். 200 தேசியப் பட்டியலிலிருந்து, 200 ஒன்பது மாநிலங்களின் பட்டியல்களிலிருந்து. 2024இல் குவாஸூலு நேட்டாலுக்கு 41, கௌட்டெங்குக்கு 47. கட்சிக்கு விழும் வாக்கு விகிதத்துக்கு ஏற்ப இடம் கிடைக்கும். அந்த இடங்களில் கட்சி கொடுத்த பட்டியலின் மேலிருந்து கீழாகப் பெயர்கள் உட்காரும். 2024இல் செல்லுபடியான வாக்கு சுமார் 1 கோடியே 60 லட்சம். 400ஆல் வகுத்தால் ஓர் இடத்துக்கு ஏறத்தாழ 40,000.

ஆகவே 'எனக்கு எத்தனை வாக்கு' என்று கேட்பதைவிட, 'பட்டியலில் எத்தனையாவது பெயர்' என்று கேளுங்கள். 2024இல் ஐந்து கட்சிகளுக்கு இரண்டிரண்டு இடம் மட்டுமே கிடைத்தது. அத்தகைய கட்சியில் ஒரே ஒரு பட்டியல் என்று வைத்துக்கொண்டால், மூன்றாவது பெயர்க்காரர் மேலே உள்ள ஒருவர் விலகும் வரை வெளியில்தான் நிற்பார். பெரிய கட்சியிலோ ஐம்பதாவது பெயர்க்காரரும் உள்ளே போகக்கூடும். கட்சி உங்களை அழைத்துப் 'பட்டியலில் பெயர் போடுகிறோம்' என்றால் உடனே மூன்று விஷயம் கேளுங்கள்: தேசியமா மாநிலமா, எத்தனையாவது எண், கடந்த தேர்தலில் அந்தப் பட்டியலிலிருந்து எத்தனை பேர் உட்கார்ந்தார்கள். மூன்றாவது கேள்விக்கு வரும் எண்ணைவிடப் பட்டியலில் உங்கள் எண் மிகப் பெரிதாக இருந்தால், தமிழ் வாக்குக்காக உங்கள் பெயரைக் காட்டுகிறார்கள், அவ்வளவுதான். இந்தியர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், லெனேசியா பக்கம் இது பலமுறை நடக்கிறது. மனம் நோகாமல் மறுத்துவிடுவது நல்லது.

பட்டியலில் மேலே வர என்ன வழி?

வார்டிலிருந்து தொடங்குவதுதான் உறுதியான வழி. கவுன்சிலர் ஆனவரைக் கட்சி எண்ணிப் பார்க்கும். கட்சி அலுவலகத்தில் நன்றாகப் பேசுபவரை அவ்வளவாக எண்ணாது. டர்பன் அடங்கிய ஈதெக்வினி மாநகராட்சியில் 2021 தேர்தலில் 111 வார்டு, மொத்தம் 222 கவுன்சிலர். வார்டு வேலை என்பது தண்ணீர் நிற்பது, மின்கட்டணத் தகராறு, தெருவிளக்கு, 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பின் இடிந்து நிற்கும் மதில். ஒவ்வொரு புகாருக்கும் மாநகராட்சி தரும் குறிப்பு எண்ணை நோட்டில் தேதியோடு எழுதி வைத்து, இரண்டு வாரம் கழித்து அதே எண்ணைச் சொல்லிக் கேட்கும் பழக்கம் உள்ளவரைத் தெரு நினைவில் வைத்துக்கொள்ளும். ஸூலு கற்றுக்கொள்ளுங்கள். தமிழர் வீடுகளை மட்டும் சுற்றி வருபவருக்கு வார்டு கிடைக்காது, கிடைக்கவும் கூடாது.

சுயேச்சையாக நிற்கலாமா?

2020 ஜூனில் அரசியலமைப்பு நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு, 2024 தேர்தலில் முதல் முறையாகச் சுயேச்சைகள் நாடாளுமன்றத்துக்குப் போட்டியிட்டார்கள். அதற்கு 1,000 வாக்காளர் கையெழுத்து. யாரும் வெல்லவில்லை. காரணம் கணக்கிலேயே இருக்கிறது: சுயேச்சை, 200 மாநில இடங்களுக்கு மட்டும்தான் போட்டியிட முடியும். ஆகவே ஓர் இடத்தின் விலை 40,000 அல்ல, ஏறத்தாழ 80,000 வாக்கு. வார்டுத் தேர்தலில் சுயேச்சையாக நிற்பது நடக்கிற காரியம். நாடாளுமன்றத்துக்கு இப்போதைக்கு அறிவுரைக்க மாட்டோம்.

வெளிநாட்டில் பிறந்து இங்கே பெயர் வாங்கிய எம்.பி. யாராவது உண்டா?

லித்துவேனியாவில் பிறந்த ஜோ ஸ்லோவோ 1994இல் வீட்டுவசதி அமைச்சரானார். ஆனால் படித்துப் பார்க்க வேண்டிய வாழ்க்கை ஹாரி ஷ்வார்ஸுடையது. 1924இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ஹிட்லருக்குத் தப்பி 1934இல் கேப் டவுனில் இறங்கியபோது ஆங்கிலமும் தெரியாது, ஆஃப்ரிகான்ஸும் தெரியாது. இரண்டாம் உலகப் போரில் தென்னாப்பிரிக்க விமானப்படையில் இருந்தார். பிறகு வழக்கறிஞர், மண்டேலாவும் குற்றம் சாட்டப்பட்ட ரிவோனியா வழக்கில் ஜேம்ஸ் கான்டருக்காக வாதாடியவர்களில் ஒருவர். 1958இல் ட்ரான்ஸ்வால் மாகாண சபைக்குப் போய் அங்கே 16 ஆண்டு உழைத்தார். 1974 ஜனவரி 4 அன்று ஸூலு தலைவர் மங்கொசுத்து புத்தெலேசியோடு மஹ்லபத்தினி உடன்பாட்டில் கையெழுத்திட்டார். பேச்சுவார்த்தை வழியே எல்லா மக்களுக்கும் சம வாய்ப்பு என்பது அதன் சாரம். அதே ஆண்டு யோவில் தொகுதியின் எம்.பி. ஆனார். 1991இல் அமெரிக்காவுக்கான தூதராகப் போகும் வரை அந்த இடத்தை விடவில்லை. இன ஒதுக்கலைச் சபைக்குள் நின்று எதிர்த்தார்.

இவர் வரலாறு தமிழருக்கு இரட்டை முனை கொண்டது. கொலோனிலிருந்து வந்த பையன் எம்.பி. ஆன அந்த ஆண்டுகளில், டர்பனில் பிறந்த தமிழருக்கு அந்தச் சபைக்கான வாக்குச் சீட்டே இல்லை. தோல் நிறம் ஒருவருக்குக் கதவைத் திறந்து மற்றவருக்கு மூடியது. ஷ்வார்ஸ் அதை அறிந்தவர். தனக்குக் கிடைத்த இடத்தை அந்தக் கதவை உடைக்கவே பயன்படுத்தினார் என்பதுதான் அவரை மதிக்க வைக்கிறது.

ஷ்வார்ஸ் கட்சி மாறினாரே? இன்றும் அப்படி மாறலாமா?

முடியாது. இன்றைய முறையின் கடினமான பகுதி இது. 1975இல் ஐக்கியக் கட்சி ஷ்வார்ஸை வெளியேற்றியது. அவரும் உடன் வந்தவர்களும் சீர்திருத்தக் கட்சி தொடங்கி, எம்.பி.க்களாகவே தொடர்ந்தார்கள். யோவில் மக்கள் தேர்ந்தெடுத்தது அவரை. ஆகவே இடம் அவருடையது. இன்று 47ஆம் பிரிவின்படி, உங்களை நிறுத்திய கட்சியின் உறுப்பினராக நீங்கள் இல்லாமல் போனால் எம்.பி. பதவியும் போய்விடும். இடையில் சில ஆண்டுகள் குறிப்பிட்ட காலங்களில் கட்சி தாவ அனுமதி இருந்தது. 2009இல் அதையும் எடுத்துவிட்டார்கள். ஷ்வார்ஸ் இன்று இருந்தால், வெளியேற்றப்பட்ட வாரமே வீட்டில் இருந்திருப்பார்.

இதனால் நடைமுறையில் ஒரு கடமை வருகிறது: சேருமுன் கட்சியின் ஒழுங்குமுறை விதிகளைப் படியுங்கள். விசாரணைக்கு எத்தனை நாள் அவகாசம், யார் விசாரிப்பார், மேல்முறையீடு உண்டா என்று பாருங்கள். எந்த மேடை, எந்த விருந்து என்பதெல்லாம் அதற்குப் பிறகு. சந்தா கட்டிய ரசீதையும் பத்திரமாக வையுங்கள். சந்தா காலாவதியாகி உறுப்பினர் நிலை கேள்விக்குள்ளாவது அற்பக் காரணம்தான், ஆனால் உட்கட்சிச் சண்டையில் அற்பக் காரணமே ஆயுதம்.

தமிழ் மக்களுக்கென்று தனிக் கட்சி வைத்தால்?

இந்திய வாக்கை நம்பி அமிச்சந்த் ராஜ்பன்சி தொடங்கிய சிறுபான்மை முன்னணி 1999இல் ஓர் எம்.பி.யும் 2004இல் இருவரும் பெற்றது. 2009இல் மீண்டும் ஒருவர். 2014இல் எவரும் இல்லை. இனி விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறோம்.

ஊரிலிருந்து அண்ணன் பணம் அனுப்பலாமா?

அண்ணன் வெளிநாட்டுக் குடிமகனாக இருந்தால் கட்சிக்கோ பிரசாரத்துக்கோ நன்கொடை தரக் கூடாது. 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த அரசியல் கட்சி நிதிச் சட்டம் வெளிநாட்டு நன்கொடையைத் தடுக்கிறது. பயிற்சி, கொள்கை ஆய்வு போன்றவற்றுக்குக் கட்சிகளுக்கு மட்டும் சிறு விலக்கு உண்டு. குடும்பச் செலவுக்கு வரும் பணத்தையும் பிரசாரக் கணக்கையும் ஒரே வங்கிக் கணக்கில் கலக்காதீர்கள்.

கோயில் உறுப்பினர் பட்டியலை வைத்து வாக்குக் கேட்கலாமா?

கூடாது. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் ஒருவரின் மதமும் அரசியல் சார்பும் சிறப்புப் பாதுகாப்புள்ள தகவல்கள். அர்ச்சனைக்கும் அன்னதானத்துக்கும் கொடுத்த போன் எண்ணை வாட்ஸ்அப் பிரசாரத்துக்கு எடுத்தால், நிர்வாகக் குழுவும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். காவடி எடுத்து வருபவரிடம் துண்டுச் சீட்டு நீட்டுவது நம் பண்பும் அல்ல. எல்லாக் கட்சியினரையும் ஒரே மாதிரி வரவேற்கும் கோயில்தான் நாளைக்கும் எல்லாருடைய கோயிலாக இருக்கும்.

தமிழில் உறுதிமொழி எடுக்கலாமா, தமிழில் பேசலாமா?

தமிழ் ஆட்சிமொழி அல்ல. 2023இல் சைகைமொழி சேர்ந்த பிறகு ஆட்சிமொழிகள் 12. சபை நடப்பது அவற்றில்தான். ஆனால் அரசியலமைப்பின் 6ஆம் பிரிவு, மதிக்கவும் ஊக்குவிக்கவும் வேண்டிய சமூக மொழிகளில் தமிழையும் தெலுங்கையும் பெயர் சொல்லி எழுதியிருக்கிறது. பள்ளியில் தமிழ் வகுப்புக்காக மனுப் போடும் எவரும் முதல் வரியிலேயே இந்தப் பிரிவைக் குறிப்பிடலாம். உறுதிமொழியைத் தலைமை நீதிபதி அல்லது அவர் நியமிக்கும் நீதிபதி முன் எடுக்க வேண்டும். 'குடியரசுக்கு விசுவாசமாக இருப்பேன், அரசியலமைப்புக்குக் கீழ்ப்படிந்து அதை மதித்துக் காப்பேன்' என்பது அதன் மையம். கடவுள் பெயரில் ஆணையாகவும் சொல்லலாம், வெறும் உறுதிமொழியாகவும் சொல்லலாம்.

உள்ளே போன பிறகு?

சம்பளம் ஆண்டுக்கு 10 லட்சம் ராண்டுக்கு மேல். வேலை பெரும்பாலும் குழு அறைகளில். துறைவாரிக் குழுக்களில்தான் அதிகாரிகளை உட்கார வைத்துக் கேள்வி கேட்க முடியும். அமைச்சருக்கு எழுத்துக் கேள்வி அனுப்புவதும் பலன் தரும். விசா நிலுவை, பி.ஆர். தாமதம் போன்றவை உள்துறைக் குழுவுக்குப் போகும். கட்சி ஒரு வட்டாரத்தை ஒதுக்கி அலுவலகம் திறக்கச் சொல்லும். உறுப்பினர் நலன் பதிவேட்டில் சொத்து, பங்கு, வெளியார் செலவில் செய்த வெளிநாட்டுப் பயணம், பரிசு எல்லாம் எழுத வேண்டும். பிறந்த ஊரில் தாத்தா வீட்டில் உங்களுக்கும் பங்கு இருந்தால் அதையும் எழுதுங்கள். குடியேறி வந்தவரின் பதிவேட்டில் முதலில் தேடப்படுவது வெளிநாட்டுச் சொத்துதான்.

எம்.பி. ஆன பிறகு குடியுரிமை பறிபோகுமா?

போகலாம், முக்கியமாக மூன்று சூழ்நிலையில். விண்ணப்பத்தில் பொய் சொல்லியோ மோசடியாகவோ பெற்றது தெரிந்தால் அமைச்சர் பறிக்கலாம். இரட்டைக் குடியுரிமை உள்ளவர் 12 மாதமோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை பெற்றால் பறிக்கலாம். தென்னாப்பிரிக்கா ஆதரிக்காத போரில் வேறொரு நாட்டுக் கொடியின் கீழ்ச் சண்டையிட்டால், குடியுரிமை வாங்கியவருக்கு அது தானாகவே போய்விடும். குடியுரிமை போனால் எம்.பி. பதவியும் அன்றே போகும். காலி இடத்துக்கு அதே பட்டியலின் அடுத்த பெயரைக் கட்சி அனுப்பும்.